நேற்று எப்படிப் படுத்தது?

என் கைபேசியில் அவருடைய எண் ‘மீன் தொட்டி’ என்ற பெயரில் இருக்கிறது. ஏழு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்த ஆள், பெயர் கேட்டதில்லை. அவர் என்னை ‘அக்கா’ என்றார், நான் ‘தம்பி’ என்றேன், அதோடு வேலை நடந்துவிட்டது. இதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று எழுதலாம். உண்மையைச் சொன்னால் வெட்கமும் வரவில்லை. கொஞ்சக் காலமாக எனக்கு எதுவுமே சரியாக வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. பல் கிளினிக்கில் வேலை செய்கிறவளுக்கு வேறு என்ன உவமை வரும்?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் கிளினிக். முன்மேசையில் நான். நம்பர் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, பயப்படுகிறவர்களுக்கு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்வது என் வேலை. அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, காத்திருப்பு அறையில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் மீன் இல்லை, என் கணவர். என் கணவர் இறப்பதற்கு நாலு நாள் முந்தி, ‘அவரோடு பேசுங்கள்’ என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் இவர்தான். நான் கதைத்தேனா இல்லையா என்பதுதான் விஷயம். அதற்கு வருகிறேன்.

தொட்டி டொக்டரின் ஆசை. சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் வேண்டும் என்று வாங்கினார். கடல் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஒரு சோடி க்ளவுன் மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட, பிள்ளைகளெல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கிற அதே மீன். பெரிதை தொட்டிக்காரத் தம்பி ‘அம்மா’ என்பார், சின்னதை ‘ஐயா’ என்பார்.

“பெரிசு ஐயா இல்லையோ தம்பி?” என்று முதல் நாள் கேட்டேன்.

“இந்த இனத்தில பெரிசுதான் அக்கா பொம்பள. ஐயா சின்ன ஆளு. அம்மா பக்கத்தில வந்தா ஒடம்ப ஒரு ஆட்டு ஆட்டுவாரு பாருங்க. ‘நீ சொன்னபடி கேட்டுக்கிறேன் தாயே’ன்னு அர்த்தம்.”

“எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு ஐயா இருந்தால் நல்லாத்தான் இருக்கும்,” என்றேன். காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள்.

அம்மா ஒழுங்கான மீன். பகல் முழுக்க நடுத் தொட்டியில் நிற்கும். பிரச்சினை ஐயாதான். பின் மூலையில், பம்ப் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், பக்கவாட்டில் சரிந்து மணலோடு மணலாகக் கிடக்கும். ஒரு கண் மேலே பார்க்கும், ஒரு செட்டை மட்டும் மெல்ல ஆடும். சில நாள் தலை கீழே, வால் மேலே. பல்வலியோடு வந்து குந்தியிருக்கிற சனத்துக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கிழமைக்கு மூன்று பேராவது மேசைக்கு வந்து, “மிஸ், உங்கட மீன் ஒண்டு செத்துப்போச்சு,” என்பார்கள். ஒரு தாய், பிள்ளை பார்த்துவிடக்கூடாது என்று தன் ஹேண்ட்பேக்கால் அந்த மூலையை மறைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றாள், பாவம்.

கூட்டித் துடைக்க வருகிற சிங்கள மனுஷி ஒருநாள் உண்மையாகவே வலையை எடுத்துவிட்டாள். “மிஸ், மாளுவா மெரிலா!” என்று, செத்த மீனைத் தூக்கப்போகிற ஆயத்தத்தோடு. நல்ல காலம், அன்று செவ்வாய். அவர் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“நே அக்கே, புதி,” என்றார். இல்லை, தூக்கம் என்று. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய கையிலிருந்து வலையை வாங்கிச் சுவரில் கொழுவிவிட்டார். இவரும் மெதுவாகச் சொன்னார், அவளும் மெதுவாக ‘புதித?’ என்று கேட்டாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு மீன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவருடைய வேலை முறை விசித்திரமானது. வந்த உடனே பெட்டியைத் திறக்கமாட்டார், தண்ணீரில் கை வைக்கமாட்டார். நோயாளிகளின் கதிரையில் போய் இருப்பார். பத்து நிமிஷம், சில நாள் பதினைந்து. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஐயா எந்தப் பக்கம் சரிந்திருக்கிறாரோ அந்தப் பக்கமே தானும் சாய்ந்து பார்ப்பார். முழங்காலில் வைத்த கையில் சுட்டுவிரல் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். மீன் செவுள் திறந்து மூடுவதை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் எடுத்தது. புதிதாக வந்த உதவியாளப் பெட்டை ஒருத்தி, தாடையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறாரே, கடும் பல்வலியாக்கும் என்று நினைத்து அவருக்கு நம்பர் கொடுத்துவிட்டாள். பதினாலாம் நம்பர். அவரும் மறுக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் பதினாலு என்று கூப்பிட்டபோது அவர் கையை உயர்த்தியதைப் பார்த்து எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, டொக்டர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏன் தம்பி இவ்வளவு நேரம் பாக்கிறியள்? மீன்தானே,” என்று கேட்டிருக்கிறேன்.

“மூச்சு சரியான்னு பாக்கணும். சாப்பிடுதான்னு கேக்கணும். அந்த ரெண்டும் சரின்னா எப்புடி படுத்தாலும் சரிதாங்க்கா. கோணலா படுக்கிறது வியாதி இல்ல.”

“அப்ப எதுதான் வியாதி?”

“மாத்திப் படுக்கிறது,” என்றார். “எப்புடி படுத்துருக்குன்னு பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. நேத்து எப்புடி படுத்துச்சுன்னு தெரியணும். அதாங்க்கா நான் ஒவ்வொரு தடவையும் மொதல்ல ஒங்ககிட்ட கேக்கிறேன்.”

உண்மைதான். வந்ததும் காலை வணக்கத்துக்குப் பதிலாக அவர் கேட்பது அதுதான்: “நேத்து எப்புடி படுத்துச்சு?” முதலில் எனக்கு எரிச்சல். நான் என்ன மீனுக்குக் காவலா? பிறகு கேட்பாரே என்பதற்காகவே பார்க்கத் தொடங்கினேன். திங்கட்கிழமை ஐயா இடப்பக்கம். போன வியாழன் தலைகீழ். இப்படி என் தலைக்குள் ஒரு மீனின் படுக்கை விபரம் முழுக்க இருந்தது. வீட்டில் இருந்த மனுஷனைப் பற்றி அப்படி ஏதும் என் தலையில் இருந்ததா என்று கேட்டால், அதுதான் சொன்னேனே, வருகிறேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னார். அவர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஹட்டன் பக்கம், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பரா அறைக்குள் எட்டுப் பேர். “ராத்திரி வெளிய போவணும்னா யார் காலையும் மிதிக்காம போவணும்ல. அப்ப யார் எப்புடி படுப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். எங்க சித்தப்பா கால அகட்டிப் படுப்பாரு. தங்கச்சி குறுக்க வந்துரும். இருட்டில எல்லாம் எனக்கு மனப்பாடம்.” இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்த அறை கண்ணுக்கு முன்னால் வந்தது.

யாரையும் தட்டி எழுப்புவது அவருக்குப் பிடிக்காது. கடற்கரை ரயில் போகும்போது எங்கள் கிளினிக் முழுக்க அதிரும், தொட்டித் தண்ணீரில் வரி வரியாக ஓடும். ஐயா அசையாது. ஆனால் ஒரு பிள்ளை வந்து விரலால் கண்ணாடியைத் தட்டினால் துள்ளி எழும்பும். “ரயில் அதுக்குப் பழக்கம். வெரல் பழக்கமில்ல,” என்பார். ஒருநாள் வயதான நோயாளி ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்து காத்திருந்து வாயைத் திறந்தபடியே கதிரையில் நித்திரையாகிவிட்டார். நான் எழுப்பப் போனேன். இவர் கையைக் காட்டி மறித்தார்.

“விடுங்க்கா. அடுத்த ஆள அனுப்புங்க. நல்ல மூச்சு.”

அந்தப் பெரியவர் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பி, பல்வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கே போனார். டொக்டருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

தம்பிக்கும் எனக்கும் தமிழ் ஒன்றுதான், ஆனால் ஒன்றில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்புக்கு வந்து முப்பது வருஷமாகியும் ‘ஓம்’ விடுபடவில்லை. அவர் ‘ஆமா’ ஆள். நான் ‘கதைக்கிறது’ என்பதை அவர் ‘பேசுறது’ என்பார். எங்களுக்கோ பேசுவது என்றால் ஏசுவது. “டாக்டர்கிட்ட பேசிட்டேன் அக்கா,” என்று அவர் முதல் தடவை சொன்னபோது, ஐயோ இந்த மனுஷன் டொக்டரை ஏசிவிட்டானே என்று நான் பயந்துபோனேன். இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடறல் நிறைய. சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவர் வரத் தொடங்கிய புதிதில், பம்ப் ஒரு மாதிரிச் சத்தம் போட்டது. போன் எடுத்து, “தம்பி, ஒருக்கா ஆறுதலா வாங்கோ,” என்றேன். நாற்பது நிமிஷத்தில் வந்து நின்றார். அந்த வாகன நெரிசலில் கொட்டாஞ்சேனையிலிருந்து எப்படி வந்தாரோ. பெட்டி இல்லை. கழுவித் தேய்த்த வெள்ளைச் சட்டை. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “என்னாக்கா? டாக்டருக்கு ஏதுமா?” என்று கேட்டார்.

“டொக்டருக்கு என்ன? உள்ளுக்குப் பல்லுப் பிடுங்கிறார். பம்ப் சத்தம் போடுது.”

அவர் என்னையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டி எடுத்துவரத் திரும்பப் போனார். அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “விசரன்போல கிடக்கு,” என்றார். அப்போதெல்லாம் அவர் சிரிக்கிற ஆள்.

ஒரு நீண்ட விடுமுறையில் நடந்ததையும் சொல்லவேண்டும். கிளினிக் நாலு நாள் பூட்டு. திறந்த அன்று காலையில் நான்தான் முதலில் உள்ளே போனேன். ஐயாவைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். மூலையில் இல்லை. தொட்டியின் மேல்பக்கம், நடுவில், நேராக நின்றது. மீன் சாப்பாட்டு டின்னில் படம் போட்டிருப்பார்களே, அப்படி நேராக, ஆடாமல், அழகாக. டொக்டர் வந்தார், “ஆ, கடைசியில இவர் திருந்திவிட்டார்,” என்றார். படம்கூட எடுத்தார். அன்றும் செவ்வாய். தம்பி வந்து கதிரையில் இருக்கக்கூட இல்லை. வாசலில் நின்றே பார்த்தார், பெட்டியைத் தரையில் போட்டார்.

“நேத்து எப்புடி படுத்துச்சு?”

“நேற்று ஆர் தம்பி இருந்தது? லீவெல்லோ.”

“எப்பவும் சரிஞ்சு படுக்கிறவரு இப்ப நேரா நிக்கிறாரேக்கா,” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. “மூச்சப் பாருங்க. எண்ணவே முடியல.”

பம்ப் அடைத்து, தண்ணீரில் காற்றுக் குறைந்து, மூச்சுக்காக மேலே வந்து நின்றிருக்கிறது. நாங்கள் அதை அழகு என்று படம் எடுத்தோம். அன்று பின்னேரம்வரை அவர் தொட்டியை விட்டு அசையவில்லை. தண்ணீர் மாற்றினார், பம்பைக் கழற்றிக் கழுவினார், சோறு சாப்பிடவில்லை. நாலு மணிபோல ஐயா மெல்ல இறங்கிப் போய், மூலையில், பழையபடி கோணலாகச் சரிந்தது. அவர் தரையில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். “இப்பத்தாங்க்கா அவரு அவராட்டம் இருக்காரு,” என்றார்.

இனி என் கணவர்.

கோணலாகப் படுப்பதில் ஐயாவை வெல்லக்கூடியவர் அவர். குப்புறப் படுப்பார். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே. தலையணையைத் தலைக்குக் கீழே வைக்காமல் தலைக்கு மேலே வைப்பார், காதை மூட. குறட்டை வேறு. இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் காலால் நான் வாங்கின உதைக்குக் கணக்கில்லை. “இஞ்சேருங்கோ, தள்ளிப் படுங்கோ,” என்று சொல்லாத நாளில்லை. ஒரு பயண டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஊரையெல்லாம் லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவைத்தார், தான் மதுரைக்கு மேலே போகவில்லை. அந்த அலுவலகத்தை ஒருநாள் மூடிவிட்டார்கள். எல்லாரும் போனிலேயே டிக்கெட் எடுக்கிறார்களாம், இனி அலுவலகம் தேவையில்லையாம்.

முதல் இரண்டு மாதம் வீட்டில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். சந்தைக்குப் போனார், மீன் வெட்டினார், ஜன்னல் கம்பிக்குப் பெயின்ற் அடித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை குறைந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காலை எட்டுக்குப் போனால் ஆறரைக்குத்தான் வருவேன். வந்து கேட்டால், சாப்பிட்டேன் என்பார். ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றால், ஒன்றுமில்லை என்பார். நானும் ஒன்றுமில்லையாக்கும் என்று விட்டேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்கிறவளுக்கு அந்தச் சொல்லில் சந்தேகம் வருமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பகிடியாக, சிரிக்கத்தான், சொல்லத் தொடங்கினேன். தம்பி தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஐயா வழமைபோல் மூலையில்.

“தம்பி, உங்கட ஐயாவைவிட எங்கட ஐயா திருந்திட்டார். இப்ப இரண்டு கிழமையா என்ன ஒழுங்காப் படுக்கிறார் தெரியுமோ? நிமிர்ந்து, நேரா, இரண்டு கையையும் நெஞ்சில வைச்சுக்கொண்டு. குறட்டையும் இல்லை. கட்டில் விரிப்புக்கூடக் கசங்கேல்லை.”

அவருடைய கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

“ரெண்டு கெழமையாவா?”

“ஓம்.”

“பகல்லயுமா?”

“பகலிலயும்தான். நான் போகேக்கையும் படுத்திருப்பார், வரேக்கையும் படுத்திருப்பார்.”

“சாப்பிடுறாரா?”

“வைச்சால் சாப்பிடுவார்.”

“பேசுறாரா அக்கா?”

நான் பகிடியை நிறுத்தினேன். “கேட்டால் பதில் சொல்லுவார்,” என்றேன்.

அவர் கையை வெளியே எடுத்தார். துடைக்கவில்லை, தண்ணீர் தரையில் சொட்டியது. சுத்தத்தில் கவனமான ஆள், அன்று சொட்டவிட்டார். “அக்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அவருகிட்ட ஆறுதலா பேசுங்க.”

“ஓம் தம்பி. ஆறுதலாக் கதைக்கத்தான் வேணும்.”

“கட்டாயம் பேசுங்க்கா.”

“கதைக்கிறன்,” என்றேன். அவர் தலையாட்டினார். முகம் தெளிந்துவிட்டது. திரும்பவும் தண்ணீரில் கையை விட்டார்.

ஆறுதலாக என்றால் எங்களுக்கு அவசரப்படாமல், நேரம் எடுத்து, நிதானமாக. ஆறுதலா வாங்கோ என்றால் மெதுவாக வாருங்கள். பிறகு ஆறுதலாக் கதைப்பம் என்றால் இப்போது வேண்டாம், நேரம் இருக்கும்போது கதைப்போம். அவர் சொன்னதை நான் அப்படித்தான் கேட்டேன். மனுஷன் சரியாகத்தான் சொல்கிறார், ஓடுகிற ஓட்டத்தில் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும், இருந்து கதைக்கவேண்டும் என்று நினைத்தேன். புதன் பத்துப் பேருக்கு மேலே நோயாளிகள். வியாழன் அப்படித்தான். வெள்ளி கோயில். சனி அரை நாள் வேலை, பின்னேரம் சந்தை. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவுசெய்தேன். ஞாயிறு காலையில் அவருக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி வைத்து, மத்தியானம் சாப்பிட்டபின் பக்கத்தில் இருந்து, ஆறுதலாக.

அவர் சனிக்கிழமை காலையில் போய்விட்டார்.

எட்டு மணிக்கு நான் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனேன். பத்தரைக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை, நித்திரையாக்கும் என்று நினைத்தேன். ஒன்றரைக்குக் கதவைத் திறந்தேன். நான் விட்டுப்போன மாதிரியே படுத்திருந்தார். நிமிர்ந்து, நேராக. “இஞ்சேருங்கோ, எழும்புங்கோ, மணி என்ன தெரியுமோ,” என்று கொஞ்சம் ஏசவும் செய்தேன். தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. பிறகுதான் கையைத் தொட்டேன்.

இதயம் என்றார்கள். ஒன்பது மணியளவில் இருக்கலாம், நித்திரையிலேயே, வலி தெரிந்திருக்காது என்றார்கள். நான் அழவில்லை. அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு பீரிசுத் தட்டால் மூடினேன். பிறகு கைபேசியை எடுத்து, திங்கட்கிழமை முதல் நம்பர்க்காரருக்கு அழைத்து, உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர்தான் அழுதார்.

கனத்தை மயானத்தில் தகனம். வந்தவர்கள் எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். தொட்டிக்காரத் தம்பி வரவில்லை; அவருக்கு யாரும் சொல்லவில்லை. என் கைபேசியில் இருந்த எண்ணுக்கு நான்தான் சொல்லியிருக்கவேண்டும். மீன் தொட்டிக்கு எதற்குச் சாவுச் செய்தி என்று விட்டிருப்பேன்போல.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் செவ்வாய். அவர் வந்தார். அதற்குள் டொக்டர் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பெட்டி கொண்டுவரவில்லை. வழக்கம்போலக் கதிரையில் இருந்தார், ஆனால் தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நேற்று எப்படிப் படுத்தது என்று கேட்கவில்லை. காத்திருப்பு அறையில் அப்போது ஆளில்லை. ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்தார்.

“அக்கா,” என்றார். “எல்லாத்தையும் கேள்விப்பட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா நீங்க அன்னைக்கே போய் அவருகிட்ட பேசிட்டீங்கல்ல. நான் அதத்தான் நெனைச்சுக்கிட்டேன். கடைசியில அந்த ஆறுதலாவது அவருக்குக் கெடச்சிருக்கு.”

அந்த ஆறுதல். அவருடைய வாயிலிருந்து அந்தச் சொல் இரண்டாம் தரம் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மெதுவாக இல்லை. நேரம் எடுத்து இல்லை. தேறுதல். ஒருவர் மனம் நொந்து கிடக்கும்போது பக்கத்தில் போய் இருந்து சொல்கிறது. அன்றைக்கே, உடனே சொல்லவேண்டியது. பம்ப் சத்தம் போட்ட நாளில் இந்த மனுஷன் வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்தது ஏன் என்பதும் அந்த நேரத்தில்தான் விளங்கியது. அவர் ஊரில் ஆறுதலுக்கு வரச்சொன்னால் ஓடித்தான் வருவார்கள்.

நான் சொன்னேன்: “ஓம்.”

“நெறைய பேசுனாராக்கா?”

“ஓம் தம்பி.”

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அதற்குப் பிறகு எழும்பிப் போய், ஐயாவைக் குனிந்து பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சொல்லின் மேல் பழியைப் போட்டுத் தப்பலாமா என்று பலதரம் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. ஆறுதல் என்பதை நான் சரியாகவே விளங்கியிருந்தாலும் அன்றைக்கே போயிருப்பேனா? நாலு மணிக்கு ஒரு வேர்ச்சிகிச்சை இருந்தது, அது முடிந்துதான் போயிருப்பேன். போனாலும் என்னத்தைச் சொல்லியிருப்பேன்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான். எனக்கு வேறு தெரியாது. ஆனாலும் பக்கத்தில் இருந்திருப்பேன். கட்டிலில் அந்த மனுஷனுக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம், மீனுக்குத் தம்பி இருந்த அளவாவது.

போன வருஷம் டொக்டர் கிளினிக்கைத் திருத்திக் கட்டினார். தொட்டி நுகேகொடையில் ஒரு ஹோட்டலுக்குப் போனது. அது இருந்த இடத்தில் இப்போது டிவி. ஐயாவையும் அம்மாவையும் தம்பி தன்னோடு எடுத்துக்கொண்டார். பிறகு மாலைதீவில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே பெரிய தொட்டிகள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, “நேரத்துக்குத் தூங்குங்க்கா,” என்றார். நான் எப்படிப் படுக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என் வீட்டில் ஆளில்லை.

எண்ணை அழிக்கவில்லை. இரண்டு தரம் அழைக்கப்போய் விட்டிருக்கிறேன். தம்பி, நான் கதைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்தேன் என்று சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று சில நேரம் தோன்றும். பிறகு யோசிப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்குப் போய் என் கணவரின் பக்கத்தில் இருந்தேன், அவர் என்னோடு நிறையக் கதைத்தார், அந்த ஆறுதலோடுதான் போனார். இது நடந்த ஒரே இடம் தம்பியுடைய மனம்தான். அங்கேயாவது அது அப்படியே இருக்கட்டும் என்று கைபேசியைத் திரும்ப வைத்துவிடுவேன்.